12,498 பள்ளிக்கூடம், 340 சம்பளம்

மார்ச் 3

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவின் 1822 ஜூன் 25 குறிப்பை மறுபடி எடுத்தேன். நிலத்தை அளந்தோம், விளைச்சலை விசாரித்தோம், ஆள் கணக்கு எடுத்தோம். படிப்பு எப்படி இருக்கிறதென்று மட்டும் பார்க்கவில்லை என்கிறார். சென்னை மாகாணக் கலெக்டர்கள் எல்லாருக்கும் படிவம் போயிற்று. பிள்ளைகளைச் சாதிவாரியாக, ஆண் பெண் பிரித்து எண்ணவேண்டும். வாத்தியாருக்கு மாதம் என்ன கிடைக்கிறது, மானியம் உண்டா என்றும் கேள்வி.

மார்ச் 4

நேரமில்லை. கனரா கலெக்டருக்கும் இருக்கவில்லை போல. படிவத்தை நிரப்பாமலே பதில் போட்டுவிட்டார்!

மார்ச் 7

பல்லாரி கலெக்டர் கேம்பல், 1823 ஆகஸ்டு. இந்த ஒரு கடிதத்துக்காகவே மற்றதையெல்லாம் படிக்கலாம். திண்ணைப் பள்ளிக்கு முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் ‘சரஸ்வதி’ என்று எழுதுவார்களாம். இரண்டாமவனுக்குப் பூஜ்யம்: பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்புறம் ஏறிக்கொண்டே போகும். நானாக இருந்தால் தினமும் கை வீங்கியிருக்கும்.

அதே கையோடு இன்னொன்றும் எழுதுகிறார். இங்கிலாந்துத் துணி வந்து நெசவாளர் பிழைப்பு போயிற்று, பிள்ளையைப் படிக்கவைக்க வழியில்லை. மாவட்டத்தில் 533 பள்ளி. ஒன்றுக்குக்கூட சர்க்கார் உதவி இல்லை, சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்கிறார். கலெக்டர் கடிதத்தில் ‘வெட்கம்’ என்ற சொல்லை வேறெங்கும் பார்த்த ஞாபகம் இல்லை.

மார்ச் 9

1826 மார்ச் 10, மன்றோ கூட்டிய கணக்கு: 12,498 பள்ளி, 1,88,650 பிள்ளைகள். அதில் பெண்கள் 4,540. வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் படிக்கும் வயதுப் பையன்களில் மூன்றில் ஒருவருக்குப் படிப்பு உண்டு என்று அவரே ஊகிக்கிறார். வாத்தியாருக்குப் பொதுவாக மாதம் 6, 7 ரூபாய்க்கு மேல் தேறாது என்பதும் அவர் எழுதியதுதான்.

சரி, மன்றோ ஒதுக்கச் சொன்ன பணம் யாருக்கு? பென்சிலால் போட்டுப் பார்த்தேன். தாசில்தாரிப் பள்ளி (தாலுகாவுக்கு ஒன்று) 300, வாத்தியார் சம்பளம் தலைக்கு மாதம் 9 ரூபாய்: 2,700. கலெக்டரேட் பள்ளி (மாவட்டத்துக்கு இரண்டு) 40, தலைக்கு 15: 600. பாடப்புத்தகச் சங்கத்துக்கு 700. மாதம் 4,000, வருஷம் 48,000. கணக்கு சரியாக இருக்கிறது. 340-ம் புதிதாகத் திறக்கப்போகும் பள்ளிகள். எண்ணி முடித்த 12,498-க்கு ஒரு தம்பிடி ஒதுக்கவில்லை.

அடுத்த வருஷம் ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் மன்றோ இறந்துபோனார். தாசில்தாரிப் பள்ளிகளை 1830-களிலேயே கைவிட்டார்கள். திண்ணை வாத்தியார் அமாவாசை, பௌர்ணமிக்குப் பிள்ளைகள் தரும் வாவுக்காசு வாங்கிக்கொண்டு, அவர்கள் எழுதிப் பழகப் பழையபடி மணலைப் பரப்பினார்.