கணக்கில் பணம் இருந்தது, எடுக்கத்தான் விடவில்லை

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவிகளுக்குத் தமிழக அரசு தரும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பது அதை நம்பிப் படிப்பவர்களுக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் படித்து முடித்துவிட்டு, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து சென்னை விடுதிக்கு வந்த எனக்கு அதுதான் மெஸ் பில்லில் ஒரு பங்கு, தேர்வுக் கட்டணம், ஜெராக்ஸ் செலவு எல்லாம். அந்தப் பணம் மாதக்கணக்கில் என் பெயரில் உள்ள ஒரு கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. அதில் ஒரு ரூபாயைக்கூட எடுக்க முடியவில்லை. சிக்கல் இப்போது தீர்ந்துவிட்டது. ஆத்திரம் மட்டும் இன்னும் தீரவில்லை.

அறைத்தோழிகளுக்கெல்லாம் பணம் வந்த செய்தி கைபேசியில் வரும், எனக்கு வராது. கல்லூரியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் பேராசிரியை கணினியில் பார்த்துவிட்டு, "உனக்குப் பணம் போய்விட்டதம்மா" என்றார். சென்னைக்கு வந்தபின் நான் தொடங்கிய புதிய கணக்கில் எதுவும் வரவில்லை.

இங்கேதான் பல பேர் தடுமாறுகிறார்கள். ஆதார் வழியாக அனுப்பப்படும் அரசுப் பணம், நாம் விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. என்.பி.சி.ஐ. எனப்படும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகத்தின் பட்டியலில் நம் ஆதாருக்கு நேராக எந்த வங்கி பதிவாகியிருக்கிறதோ அங்கே போகிறது. ஒரு நேரத்தில் ஒரு வங்கிக்குத்தான் அதில் இடம். ஆதார் நகலைக் கொடுத்துப் புதுக் கணக்கு தொடங்கியதாலேயே அந்தப் பதிவு மாறிவிடாது. மாற்ற வேண்டுமென்று தனியாக ஒரு சம்மதப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்கு தொடங்கித் தந்த ஊழியர் இதை எனக்குச் சொல்லவே இல்லை.

எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் பார்க்கலாம். அதற்கு ஓடிபி வேண்டும். என் ஆதாரில் இருந்ததோ மாமாவின் பழைய கைபேசி எண். ஆதார் சேவை மையத்தில் எண்ணை மாற்றினேன்; கைரேகை வைத்தால் போதும், ஆவணம் எதுவும் கேட்கவில்லை. இந்த முழு அலைச்சலில் சிக்கலில்லாமல் நடந்தது அது ஒன்றுதான்.

பார்த்தால், ஒன்பதாம் வகுப்பில் உதவித்தொகைக்காகப் பள்ளியில் தொடங்கித் தந்த பழைய கணக்கின் வங்கி வந்து நின்றது. அதே வங்கிக்குச் சென்னையில், எங்கள் விடுதியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே பாஸ்புக்கை நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டிவிட்டு, "டார்மென்ட் ஆகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் நீ வரவு செலவே செய்யவில்லை" என்றார். பணம் உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கிறது. ஆனால் எடுக்க முடியாது. ஹோம் பிராஞ்சுக்குப் போ" என்று சொல்லி, பாஸ்புக்கைக் கண்ணாடிக்குக் கீழே உள்ள சந்து வழியாக என் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்த டோக்கன் எண்ணையும் அழைத்துவிட்டார்.

இரண்டு வருஷம் பயன்படுத்தவில்லை என்பது உண்மை. உதவித்தொகை நின்றபின் அந்தக் கணக்கில் போடவும் எடுக்கவும் எங்கள் வீட்டில் என்ன இருந்தது?

ஹோம் பிராஞ்ச் என்றால் கணக்கு தொடங்கிய கிளை; அது ஊரில் இருக்கிறது. ஊருக்குப் போனேன். வங்கி திறந்திருக்கும் நாளில் போக வேண்டுமென்றால் வகுப்பு போகும், வருகைப் பதிவு குறையும். வெள்ளைப் பலகை பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கிளாம்பாக்கம் வரை செலவில்லை. ஆனால் திருவல்லிக்கேணியிலிருந்து அங்கே போய்ச் சேரவே பாதிக் காலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கள்ளக்குறிச்சி டிக்கெட்டுக்குத் தோழியிடம் கடன் வாங்கினேன். என் பணத்தை எடுப்பதற்கு இன்னொருவர் பணத்தைச் செலவழித்துப் போக வேண்டியிருந்தது.

கிளைக்குள் போனால், இந்த வேலையைப் பார்க்கும் அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். இன்னொருவரிடம் கெஞ்சினேன். அவர் திரையைத் திறந்தார். ஒன்பதாம் வகுப்பில் எடுத்த இரட்டைச் சடைப் படமும், அதற்குக் கீழே தமிழில் எழுத்தெழுத்தாக நான் போட்ட கையெழுத்தும் தெரிந்தன. "கையெழுத்து ஒத்துப்போகவில்லையே. அப்போது மைனர். அம்மாவை அழைத்து வா" என்றார். அம்மா அன்றைக்குக் களை எடுக்கப் போயிருந்தாள். பாதியில் விட்டுவிட்டு, கூலியையும் இழந்து வந்தாள். அவள் வந்து நின்றபிறகு, "பான் கார்டு இல்லாமல் எதுவும் செய்ய முடியாது" என்றார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அம்மாவின் ஒரு நாள் கூலியாவது மிஞ்சியிருக்கும். பஸ் ஏறும்வரை அம்மா என்னைத்தான் தேற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது.

பான் கார்டு இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்கலாம்; நான் கொடுத்தபோது அதன் பெயர் படிவம் 60. வங்கியிலேயே இருக்கும் படிவம் அது. அந்த ஊழியருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. பான் கார்டு எடுக்காத மாணவிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி மாதத்தை எப்படி ஓட்டினேன் என்பதை விரித்துச் சொல்ல விருப்பமில்லை. காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, மாலையில் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன், மெஸ் பாக்கிக்கு வார்டனிடம் தவணை. அந்த உணவகம் இல்லையென்றால் கல்லூரிக்குப் பசியோடுதான் போயிருப்பேன்.

வழி திறந்தது விடுதியில்தான். அடுத்த அறையில் வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "யார் சொன்னது ஹோம் பிராஞ்சுக்குத்தான் போக வேண்டுமென்று?" என்று கேட்டார். நடப்பு நிகழ்வுகளுக்காக அவர் குறிப்பெடுத்து வைத்திருந்த பக்கத்தைக் காட்டினார். செயலற்ற (டார்மென்ட்) கணக்குகள் பற்றி ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 1 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே அதை எடுத்தோம். படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சூடேறியது.

கணக்கை உயிர்ப்பிக்க கே.ஒய்.சி. (வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரங்கள்) புதுப்பிக்கும் வசதி எல்லாக் கிளைகளிலும் இருக்க வேண்டும். கணக்கு தொடங்கிய கிளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முழு விண்ணப்பம் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் முடித்துத் தர வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. செயலற்றது என்று வகைப்படுத்திய கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது. சேமிப்புக் கணக்குக்கு வட்டியும் தொடர்ந்து சேர வேண்டும். எல்லாவற்றையும் விட எனக்கு உறைத்தது இதுதான்: கல்வி உதவித்தொகைக்காகவும் அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காகவும் தொடங்கப்பட்ட ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை வங்கி தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்; இரண்டு ஆண்டு பயன்படுத்தவில்லை என்பதற்காக அவற்றைச் செயலற்றவை ஆக்கக் கூடாது. அப்படியென்றால் நான் இத்தனை நாள் அலைந்திருக்கவே வேண்டியதில்லை. அம்மா அன்றைக்குக் களைக்கொட்டைக் கீழே வைத்திருக்கவே வேண்டியதில்லை.

அக்கா சொன்ன இன்னொரு விஷயம், சுற்றறிக்கையை விடப் பெரிதாக எனக்கு உதவியது. "கவுன்ட்டரில் வாயால் கேட்காதே. வாயால் கேட்டால் வாயால் அனுப்பிவிடுவார்கள். கடிதமாகக் கொடு, இரண்டாவது பிரதியில் சீல் வாங்கு."

சுற்றறிக்கையை அச்செடுத்து, தேவையான வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். கடிதம் இரண்டு பிரதி, ஆதார் நகல், படிவம் 60, புகைப்படம், பாஸ்புக்கின் முதல் பக்க நகல். மதிய உணவு வேளைக்கு முன்பே சென்னைக் கிளைக்குப் போனேன். அதே கவுன்ட்டர், அதே ஆள். கடிதத்தைப் படிக்காமலேயே, "ஏற்கெனவே சொன்னேனே" என்றார். மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் அறை வாசலில் நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறந்துவிடுவார்கள் என்று பயம்.

மேலாளர் அம்மா கடிதத்தையும் கோடு போட்ட வரிகளையும் நிதானமாகப் படித்தார். தொலைபேசியில் யாரிடமோ பேசினார். பிறகு, "வாங்கிக்கொள்கிறோம்" என்றார். கவுன்ட்டருக்குத் திரும்பி வந்ததும், சீல் கேட்டபோது மறுபடியும் தகராறு. "இதற்கெல்லாம் சீல் போட மாட்டோம். நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார் அவர். "நாளைக்கு நீங்கள் விடுப்பில் இருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன் சார்?" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர், "போட்டுக் கொடுங்களேன், படிக்கிற பிள்ளை" என்றார். டப்பென்று ஒரு சீல் விழுந்தது. தேதியோடு, கிளையின் பெயரோடு. சென்னைக்கு வந்தபிறகு நான் அவ்வளவு மகிழ்ச்சியோடு பார்த்த காகிதம் வேறு இல்லை.

புதிய மாதிரிக் கையெழுத்து வாங்கினார்கள். சொன்ன கெடுவுக்குள் கணக்கு உயிர்பெற்றது. விடுதி வாசலிலேயே செய்தி வந்தது. அக்காவின் அறைக்கு ஓடினேன். மெஸ் பாக்கியையும் தோழியின் கடனையும் அன்றைக்கே தீர்த்துவிட்டு, அம்மாவின் அந்த ஒரு நாள் கூலியை மாமா கணக்குக்கு அனுப்பிக் கொடுக்கச் சொன்னேன். வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

இனிப் பணம் புதுக் கணக்குக்கு வர, அந்த வங்கியில் ஆதார் சீடிங் சம்மதப் படிவம் கொடுத்தேன். பழைய வங்கியின் பெயரையும் அதில் குறிப்பிட வேண்டியிருந்தது. ஒரு எச்சரிக்கை: பழைய கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். ஆதார் தளத்தில் புதிய வங்கியின் பெயர் தெரிந்து, ஒரு மாதப் பணமாவது புதுக் கணக்கில் விழுந்தபிறகு மூடலாம். நடுவில் மூடினால் அந்த மாதப் பணம் எங்கே போய் நிற்கும் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாஸ்புக்கைப் பதிந்து வாங்கி வரிவரியாகப் பாருங்கள். என்னுடையதில் வட்டி ஒழுங்காகச் சேர்ந்திருந்தது. ஆனால் கணக்கு செயலற்றுக் கிடந்த காலத்திலேயே குறைந்தபட்ச இருப்புக்கான அபராதம் பிடித்திருந்தார்கள். தொகை சிறியதுதான். விட்டுவிடு என்று பலர் சொன்னார்கள். விட மனமில்லை. சுற்றறிக்கையின் அந்த வரியைக் காட்டி இன்னொரு கடிதம் கொடுத்தேன். இந்த முறை கேட்காமலேயே சீல் போட்டுத் தந்தார்கள். பிடித்த பணம் திரும்பிவிட்டது. மறுத்திருந்தால் அடுத்த கட்டம் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் இணையத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அந்தப் புகாருக்கும் அடிப்படை சீல் வாங்கிய பிரதிதான்.

விடுதியில் பலர் கேட்டதால் என் கடிதத்தின் வாசகத்தை இங்கே தருகிறேன். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"உங்கள் வங்கியில் உள்ள எனது சேமிப்புக் கணக்கு (எண்: …) செயலற்றதாக மாற்றப்பட்டுள்ளது. இது கல்வி உதவித்தொகைக்காகத் தொடங்கப்பட்ட கணக்கு. செயலற்ற கணக்குகள் குறித்த ரிசர்வ் வங்கியின் 01.01.2024 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, இக்கிளையிலேயே எனது கே.ஒய்.சி. விவரங்களைப் பெற்றுக்கொண்டு, கட்டணமின்றி, மூன்று வேலை நாட்களுக்குள் கணக்கைச் செயல்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாது எனில் அதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மேலாளர் தொலைபேசியை எடுத்தது அதைப் படித்தபிறகுதான்.