முதலில் ரப்பரைப் பாருங்கள்

மெல்லிசைக் குழுக்களுக்கு மேடைச் சத்தம் பார்ப்பது என் வேலை. ஜனங்களுக்குக் கேட்கும் பெரிய பெட்டிகளை வேறொருவர் கவனித்துக்கொள்வார். பாடுகிறவர், வாசிக்கிறவர் காதுக்கு என்ன போக வேண்டுமோ அது என் பொறுப்பு. சித்திரா பௌர்ணமிக்கு வேலூர் புஷ்பப் பல்லக்கு, வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, வள்ளிமலைப் பக்கம், நடுநடுவே ஆம்பூர், ஆரணி, ராணிப்பேட்டை கல்யாண வரவேற்புகள் என்று வருஷம் ஓடிவிடும். முன்பெல்லாம் பாடுகிறவர் காலடியில் ஒரு மானிட்டர் பெட்டி சாய்ந்து கிடக்கும். இப்போது சின்னக் குழுக்கள்கூட காதுக்குள் மாட்டும் இன்-இயருக்கு மாறிவிட்டன. மாறிய பிறகு என்னிடம் வரும் புகார்களில் பாதிக்கு மேல், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் கைவைத்துத் தீர்கிற சங்கதியே இல்லை. காதில் நுழைகிற அந்தச் சின்ன ரப்பரில்தான் கோளாறு இருக்கும்.

"ண்ணா, பேஸே வர்ல." "ஹை-ஹாட் காதைக் குத்துது." "ஒரு பக்கம் கம்மியா கீது." "என் குரல் எனக்கே முழங்குதுண்ணா." இந்த நாலும் மாறி மாறி வரும். (ஹை-ஹாட் என்பது டிரம்ஸ் செட்டில் இருக்கும் ஜோடி சிம்பல்.) நாலுக்கும் ரப்பரில் பதில் உண்டு, ஆனால் நாலும் வேறு வேறு பதில்.

பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம், வராத கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அதிகம் வருவது அதுதான். இன்-இயருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. அவ்வளவு சின்னதிலிருந்து பேஸ் கேட்கிறதென்றால், ரப்பருக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்டிருக்கும் காற்று மிகக் கொஞ்சம் என்பதுதான் காரணம். ஒன்றிரண்டு கன சென்டிமீட்டர் இருக்கும். அந்தக் காற்றை அழுத்தி இழுக்கச் சின்னச் சவ்வே போதும். ஆனால் ரப்பர் ஓரத்தில் ஊசி நுழைகிற இடைவெளி இருந்தால்கூட, வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்ப் கதைதான். அடிக்க அடிக்கக் காற்று வெளியே போய்விடும். அதிலும் பேஸ்தான் முதலில் போகும். அது மெதுவாக அசையும் காற்று, வெளியே நழுவ அதற்கு நேரம் இருக்கிறது. ஹை-ஹாட்டின் வேகமான அதிர்வுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை, அது அப்படியே உள்ளே போகும். ஆகவே கசிகிற இயரில் பாட்டு மெலிந்து, கூர்மையாகக் கேட்கும். கேட்கிறவர் "செட்டு சரியில்ல" என்பார். போன மாசம் வாங்கிய செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அதைவிட விலை கூடினதை வாங்கி வருவார், அதே மீடியம் ரப்பரோடு.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சவுண்ட் செக்கில் குறைந்த வால்யூமில் 50 ஹெர்ட்ஸ் டோன், அதாவது அடிச்சத்த உறுமல் ஒன்றை ஓடவிடுவேன். "இயரை விரலால லேசா உள்ள அழுத்திப் பாரும்மா" என்பேன். அழுத்தும்போது அந்த உறுமல் கூடினால் அங்கே கசிவு இருக்கிறது. அழுத்தினாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி இருந்தால் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு காதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம் இரண்டு காதுத் துளைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. "ஒரு பக்கம் கம்மியா கீது" என்ற புகாரில் பலமுறை வயர் மேல் பழி போகும். குற்றவாளி அளவு பொருந்தாத ஒரு பக்க ரப்பராக இருக்கும்.

குடியாத்தத்தில் ஒரு சிரசு இரவு, பாடகி ஒருவருக்கு இடது காதில் மீடியம், வலது காதில் லார்ஜ் என்று மாட்டிவிட்டேன். அந்தக் கம்பெனி அளவுக்கு ஒரு கலர் வைத்திருந்தது. "ரெண்டு கலரா கீதேண்ணா, வீடியோல தெரியாதா?" என்றார். முடியை இழுத்து மறைத்துக்கொள்ளச் சொன்னேன். மாட்டும் விதத்தையும் காட்டினேன். வலது காதுக்கு மாட்டும்போது இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலின் மேல் நுனியைப் பிடித்து, மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். காதுக் குழாய் நேராக இருப்பதில்லை, லேசாக வளைந்து போகிறது. மடலை இழுத்தால் வளைவு கொஞ்சம் நிமிரும், ரப்பர் மடங்காமல் உள்ளே போகும். அந்தப் பெண் இழுத்து மாட்டினார். பேஸ் கிடார்க்காரர் சும்மா ஒரு தந்தியைத் தட்டினார். "இவரு இத்தினி நாளா வாசிச்சிக்கினுதான் இருந்தாரா?" என்று கேட்டாரே ஒரு கேள்வி! கிடார்க்காரர் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப்போவதில்லை.

குத்துகிற விஷயம் வேறு. அங்கே கசிவைவிட ஆழம் முக்கியம். காதுக் குழாய் சுமார் 25 மில்லிமீட்டர் நீளம். திறந்திருக்கும்போது அது தானாகவே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். இயரை வைத்து அடைத்ததும் அந்தத் தூக்கல் இடம் மாறி, 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் புதிதாக ஒரு மேடு வரும். இயர் எவ்வளவு உள்ளே போகிறதோ, மிச்சமுள்ள குழாய் அவ்வளவு குறுகி, மேடு இன்னும் மேலே ஏறும். பெரிய ரப்பர் வாசலிலேயே நின்றுவிட்டால் மேடு கீழே இறங்கி 6,000, 7,000 பக்கம் உட்கார்ந்துகொள்ளும். ஸகரம் கீச்சிடுகிற, சிம்பல் சிதறுகிற இடம் அதுதான். மிக்ஸரில் அந்த இடத்தைக் குறைக்கலாம்தான். அடுத்த பாட்டில் அவர் இயரைச் சரிசெய்துகொள்ளும்போது மேடு நகர்ந்துவிடும், நான் வெட்டிய பள்ளம் மட்டும் அங்கேயே இருக்கும். ஒரு அளவு சின்னதாக்கி இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுப் பார்ப்பது, அல்லது துளை குறுகலான ரப்பர், அதுவும் ஒத்துவராவிட்டால் ஃபோம், இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் நான் மிக்ஸரின் ஈக்வலைசரைத் தொடுவேன். அகலத் துளை ரப்பர் மேல் சுரங்களை அப்படியே விடும். குறுகல் துளை அவற்றைக் கொஞ்சம் அடக்கும்.

ஃபோம் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து, பாடுகிறவருக்கு நல்லது, டிரம்ஸ்காரருக்குக் கட்டுப்படியாகாது. உருட்டி ஒல்லியாக்கி உள்ளே வைத்து, அது விரியும் வரை அரை நிமிஷமாவது விரலால் பிடித்திருந்தால், எந்த வடிவக் காதையும் நிரப்பிக்கொள்ளும். வெளிச்சத்தமும் நன்றாக அடைபடும், மேல் சுரத்தின் முனையும் கொஞ்சம் மழுங்கும். ஆனால் வேலூர் வெயிலுக்கு அதற்கும் ஒரு குணம் இருக்கிறது. சூட்டில் ஃபோம் இளகி, உருட்டிய கையிலேயே மறுபடி உப்பிவிடும். ஏசி மண்டபத்தில் அதே ஃபோம் நிதானமாக விரியும். சித்திரை, வைகாசியில் திறந்த மேடையில் வியர்வையை உறிஞ்சி உறிஞ்சிச் சீக்கிரம் உயிர் போய்விடும். சிலிக்கான் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் அலசி உலர்த்தினால் போதும், ஆனால் வியர்த்த காதில் அது வழுக்கி இறங்கும். டிரம்ஸ், ரிதம் பேட் வாசிக்கும் தம்பிகளுக்கு இரட்டை அடுக்கு ரப்பர் நிற்கிறது. ஒரு அடுக்கு நழுவினாலும் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

குரல் முழங்கும் பிரச்சினையில் ரப்பரால் முடிவது கொஞ்சம்தான். நாம் பாடும்போது எலும்பு வழியாகவும் சதை வழியாகவும் அதிர்வு காதுக் குழாயின் சுவருக்கு வருகிறது. குழாயின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, அதுதான் அதிகம் அதிரும். காது திறந்திருந்தால் அந்தச் சத்தம் வெளியே போய்விடும். அடைத்தால் உள்ளேயே சுற்றும், 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் உப்பிக் கேட்கும். குருத்தெலும்பைத் தாண்டி உள் எலும்புப் பகுதி வரை ரப்பர் போனால் முழக்கம் குறையும். அவ்வளவு ஆழத்தைப் பலராலும் தாங்க முடியாது. அதனால் ஒரு காதைக் கழற்றித் தொங்கவிட்டுப் பாடுகிறார்கள். இதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். ஒரு காது போனதும் மற்றதில் வால்யூம் கூட்டச் சொல்வார்கள், திறந்த காதில் டிரம்ஸும் வெளிப்பெட்டியும் நேரடியாக இறங்கும்.

சத்தத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் தொழிலிடச் சுகாதார நிறுவனமான நியாஷ் சொல்வது: 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். நம் கச்சேரி சாதாரணமாக மூன்று மணி நேரம். கசிகிற ரப்பரோடு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றிக்கொண்டே போகிறவர் அந்தக் கணக்கை எந்தப் பாட்டில் தாண்டுகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. ரப்பர் சரியாக அடைத்தவரோ முதல் பாட்டு முடியும்போது தானாகவே "கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணா" என்பார்.

ரப்பர் வாங்கும்போது காது அளவை மட்டும் பார்த்தால் போதாது, ரப்பரைச் செருகும் இயர்க் குழலின் தடிமனும் பொருந்த வேண்டும். சில கம்பெனிகளின் குழல் 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒல்லி, பலவும் 5, 6 மில்லிமீட்டர். ஆரணிப் பக்கம் ஒரு வரவேற்பில், ஒல்லிக் குழலில் தடித்த குழலுக்கான ரப்பரைச் செருகியிருந்த பேட்காரத் தம்பி, முடிந்ததும் இயரை இழுத்தான். இயர் வந்தது, ரப்பர் காதுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் பதறி விரலை விட, அது இன்னும் உள்ளே போனது. கூட இருந்தவர்கள் ஹேர்பின்னோடு வந்துவிட்டார்கள். கையைத் தட்டிவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனோம், இடுக்கியால் ஒரு நொடியில் எடுத்தார். கூடவே குரும்பையும் (காது அழுக்கு) எடுத்துக் காட்டினார். இயரின் வலையில் அந்தக் குரும்பை அடைத்தாலும் ஒரு பக்கம் சத்தம் குறையும் என்பது வேறு விஷயம்.

காது அச்சு எடுத்துச் செய்யும் கஸ்டம் இயர் இருந்தால் இந்த ரப்பர் பஞ்சாயத்தே இல்லை. 1995இல் என்னைப் போல மேடைச் சத்தம் பார்த்த ஜெர்ரி ஹார்வி, அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகச் செய்யப் போய்த்தான் இன்-இயர் செய்யும் அல்டிமேட் இயர்ஸ் கம்பெனியே பிறந்தது. ஆனால் பாடுகிறவருக்கு அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்துவைத்து எடுக்க வேண்டும். தாடை அசைந்தால் காதுக் குழாயின் வடிவம் மாறும், மூடிய வாய்க்கு எடுத்த அச்சு உச்சஸ்தாயியில் கசியும். அதன் விலைக்கு எங்கள் குழு முதலாளிகள் இன்னும் வரவில்லை.

அவர்களிடம் ரப்பருக்குக் காசு வாங்குவதே ஒரு வேலையாக இருந்தது. "இத்துனூண்டு ரப்பருக்கா?" என்பார்கள். ஒருவர் ரப்பரை இன்னொருவர் போடக் கூடாது, காது அரிப்பு ஊரெல்லாம் பரவும் என்று சொன்ன பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்கள். இப்போது ஆளுக்கொரு பேர் எழுதின டப்பா வைத்திருக்கிறேன், மூன்று அளவு சிலிக்கான், ஒரு ஜோடி ஃபோம். அதன் செலவை பேட்டரிச் செலவோடு சேர்த்து எழுதிவிடுகிறேன். பேட்டரிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.