தம்பிமாரின்ட ஆள் ஓவன் ஹார்ட்

94ல எங்கட வெள்ளவத்தை பிளாட்ல ரெண்டு கட்சி. அண்ணா டிவி ரெஸ்லிங்ல வாற பிரெட் ஹார்ட் கட்சி, நான் அவரின்ட தம்பி ஓவன் ஹார்ட். தும்பு மெத்தைய நிலத்தில இழுத்துப் போட்டா அதுதான் ரிங், அண்ணா என்னைக் குப்புறப் பிரட்டி ரெண்டு காலையும் பின்னி மேல குந்திக்கொண்டு இழுப்பான், பிரெட்டின்ட ஷார்ப்ஷூட்டர் பிடியாம், நான் கையால தட்டினாலும் விடமாட்டான், கீழ்வீட்டு அன்ரி தும்புத்தடியால சீலிங்ல இடிச்சாத்தான் விடுவான்.

எங்கட லேன்ல எல்லாப் பெடியளும் பிரெட்டின்ட ஆக்கள்தான். பிங்க் உடுப்பு, ஈர முடி, ரிங்குக்கு வரேக்க கண்ணாடியக் கழட்டி முன்வரிசைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டுவிடுறது, ஆருக்குத்தான் பிடிக்காது? எனக்கு மட்டும் பின்னால நிண்ட தம்பியிலதான் கண். கனடா கல்கரியில ஸ்டூ ஹார்ட் எண்ட ரெஸ்லருக்கு 12 பிள்ளையள், அதில 8 ஆம்பிளையள், எல்லாரும் ஏதோ ஒரு வகையில ரெஸ்லிங்குக்குள்ள, பொம்பிளைப் பிள்ளையள் 4 பேர் கட்டினதும் ரெஸ்லர்மாரத்தான். வீட்டுக்குக் கீழ் அறையில தகப்பன் பயிற்சி குடுப்பார், அதுக்குப் பேரே டன்ஜன், நிலவறை. அந்த 12ல கடைசி ஓவன். கடைக்குட்டியெண்டா அந்த வீட்டில என்ன பாடு பட்டிருப்பான் எண்டு எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்ல.

93 சர்வைவர் சீரிஸ் எண்ட ரெஸ்லிங் சோவில அண்ணன் தம்பி 4 பேரும் ஒரு அணி, அதில அவுட் ஆனது ஓவன் மட்டும், அதுவும் பிரெட்டோட மோதுப்பட்டதால. அதில தொடங்கின கோபம் 1994 மார்ச் 20 நடந்த பெரிய சோ ரெஸில்மேனியா 10 வரைக்கும் போச்சு, நியூயோர்க் மடிசன் ஸ்குவேர் கார்டன், முதல் மட்சே இவை ரெண்டு பேரும்தான். வீடியோக் கடையில கசெட் எடுத்து அந்த மட்ச டெக்ல தேயத்தேயப் பார்த்தம். கடைசியில பிரெட் தோளில ஏறி உருட்டப் பார்க்க, ஓவன் அப்பிடியே குந்தி அமத்திப் பிடிச்சிட்டான், ஒண்டு ரெண்டு மூண்டு, கள்ளம் ஒண்டுமில்ல. நான் கட்டிலால குதிச்சன், அண்ணா டிவிய நிப்பாட்டிப்போட்டான்.

ஆனா அந்த இரவு முடியேக்க பிரெட் அப்ப பட்டம் வைச்சிருந்த யோகோசூனாவ வெண்டு சம்பியன், எல்லாரும் தோளில தூக்கிறாங்கள், ஓவன் வந்து தூர நிண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறான். அந்த முகம்! பரீட்சையில நான் நல்லாச் செய்த அண்டைக்கும் வீட்டில அண்ணாவின்ட ரிசல்ட்டப் பற்றித்தான் கதை எண்டால் என்ட முகமும் அப்பிடித்தான் இருந்திருக்கும்.

பிறகுதான் விளங்கினது, முடிவு முதலே பேசினதெண்டா அந்த அண்ணன் விரும்பித்தான் மல்லாக்கக் கிடந்து 3 எண்ண விட்டிருக்கிறார். தம்பிய பெரிய ஆளாக்க வேற வழியில்ல. அதே வருசம் ஓவன் கிங் ஒஃப் த ரிங் எண்ட போட்டித்தொடர வெண்டான், ஓகஸ்ட்ல அண்ணனோட இரும்புக் கூட்டுக்குள்ள சண்டை, பிறகு யோகோசூனா, மச்சான் டேவிபோய் ஸ்மித் எண்டு சோடி சேர்ந்து டாக் டீம் பட்டங்கள், 97ல இன்டர்கொன்டினென்டல் பட்டம். ஆனா உலக சம்பியன் எண்ட பெரிய பெல்ட் மட்டும் கடைசிவரைக்கும் இல்ல. 97 நவம்பர்ல மொன்ட்ரியல்ல முதலே பேசின முடிவ மாத்தி பிரெட்டின்ட பட்டத்தப் பறிச்ச பெரிய ஏமாத்து நடந்து அவர் கொம்பனிய விட்டு வெளிய போக, ஓவன் அங்கயே நிண்டான். ஆள் காசை இறுக்கிப் பிடிக்கிறவன், சேர்த்துக்கொண்டு வேளைக்கு ரெஸ்லிங்க விட்டிட்டு வீட்டோட இருக்கோணுமெண்டு நிண்டவன், கூட வேல செய்தவையோட சரியான பகிடியும் விடுவானாம்.

1999 மே 23, கன்சாஸ் சிட்டி. புளூ பிளேசர் எண்ட முகமூடி வேசத்தில கூரையில இருந்து கயித்தில இறங்கோணும், கிட்ட வரேக்க பட்டெண்டு கழண்டு பகிடியா விழோணும், அதுக்காகப் பாய்மரப் படகுக்குப் பாவிக்கிற, ஒரு இழுவையில திறக்கிற கொக்கி. அது மேலயே திறந்திட்டுது. 78 அடி. சாகேக்க வயசு 34. அந்தச் சோவ நிப்பாட்டேல்ல, அடுத்த மட்சுகளும் நடந்தது, இண்டைக்கும் எனக்கு அதுதான் ஏலாது. ஸ்கூல் வான்ல ஒருத்தன் சொன்னான், நாங்கள் நம்பேல்ல, இதுவும் கதைக்காகச் செய்யிறாங்கள் எண்டுதான் நினைச்சம். அண்டைக்கு இரவு அண்ணா என்னோட ஒண்டும் கொழுவேல்ல.

போன மாசம் அண்ணா கனடாவில இருந்து வந்து நிண்டவன், என்ட போன்ல அந்தப் பழைய மட்ச போட்டன், ரெண்டு பேருக்கும் தலை நரைச்சிட்டுது, அவனுக்கு முதுகு வலி, தலையணைய முண்டு குடுத்துத்தான் இருந்தவன். ஓவன் குந்திப் பிடிக்கிற இடம் வந்தது. கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டுச் சொன்னான்,

"டேய் ரெஃப்ரி வேகமா எண்ணிப்போட்டான்ரா."