ஆடு தின்ற நான்கு பாத்திகள்

சைதாப்பேட்டையில் படித்த நமக்கு விவசாயம் என்பது, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ரயில் ஜன்னலில் ஓடி மறைகிற ஒரு பச்சை நிறம். அந்த நினைப்பில் மண்ணைப் போட்டவர் எங்கள் உயிரியல் சார். "இதே சைதாப்பேட்டையில்தான் 1868-இல் வேளாண்மைப் பள்ளி தொடங்கினார்கள். 1906-இல் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. நீங்கள் வரப்போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டது போலிருக்கிறது" என்பார்.

ஒன்பதாம் வகுப்பில் மதில் ஓரமாக எட்டுப் பாத்தி கட்டச் சொன்னார். முளைக்கீரை. நான்கு பாத்திக்கு எரு, நான்குக்கு வெறும் தண்ணீர். வெயில் நன்றாக விழும் பாத்திகளுக்கே எருவைக் கொட்ட நான் கூடையைத் தூக்கினேன். சார் கையைப் பிடித்துக்கொண்டார். "கீரை வளர்ந்தால் அது எருவாலா, வெயிலாலா? எப்படிடா கண்டுபிடிப்பாய்?" சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டுகளின் பின்பக்கம் ஒன்று முதல் எட்டு வரை எழுதி, சுருட்டி, டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக் குலுக்கினார். (மூடியில் எலுமிச்சை ஊறுகாய் ஒட்டியிருந்தது, மூன்றாம் எண் சீட்டு மஞ்சளாக வந்தது.) எனக்குப் பிடித்த இரண்டு பாத்திக்கும் எரு கிடைக்கவில்லை.

இருபத்தொன்றாம் நாள் ஆடு புகுந்தது. நான்கு பாத்தி காலி. அழிந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதலாம் என்றோம். "ஆடு தின்றதையும் எழுது. எந்தப் பாத்தி, எந்த நாள், எல்லாம்" என்றார். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எழுதினோம்.

இப்போது லண்டனில் மருந்துப் பரிசோதனைக் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் ஹார்ப்பெண்டனில் உள்ள ராதம்ஸ்டெட் பண்ணைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு கோதுமை வயலில் 1843-இல் தொடங்கிய உரச் சோதனை இன்றும் நடக்கிறது. சேர்ந்து கிடந்த விளைச்சல் கணக்குகளை ஆராய 1919-இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற கணித நிபுணரை வேலைக்கு வைத்தார்கள். ஒரே வயலிலும் மண் இடத்துக்கு இடம் மாறும். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அங்கிருந்தபோதுதான் அவர் வகுத்தார். வயலுக்குச் செய்த ஏற்பாட்டைப் பிறகு மருத்துவர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள். உழவு உலகுக்குச் சோறு போட்டது என்று மேடைதோறும் சொல்கிறோம். மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்கும் வழியையும் போட்டது என்று யாரும் சொல்வதில்லை.

அந்த வழி நம் ஊருக்கும் வந்தது. சைதாப்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது ஸ்டேஷன் சேத்துப்பட்டு. 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையத்தில், யாருக்கு வீட்டில் சிகிச்சை, யாருக்குச் சானடோரியத்தில் என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நெரிசலான வீட்டில், எளிய சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். 1959-இல் வந்த அந்த முடிவுக்குப் பிறகு, உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே பார்க்கும் வழக்கம் பரவியது.

எங்கள் ஆய்வுகளில் நோயாளிகள் சிலர் பாதியில் நின்றுவிடுவார்கள். அவர்களையும் கணக்கில் காட்ட வேண்டும். அதற்குப் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பும்போதெல்லாம் 'ஆடு' என்று எழுதக் கை போகிறது.