புதுக்கருக்கு அழியாத பட்டி

பாதம் கீழே விழாமல் பிடிக்கக் காலில் போடும் பிளாஸ்டிக் தாங்கி செய்வது என் வேலை. பாவித்த தாங்கியைப் பார்த்தாலே தெரியும். ஒட்டும் பட்டியில் நூலும் மயிரும் சிக்கியிருக்கும், குதிப் பக்கம் வியர்வை பட்டு மஞ்சளாகியிருக்கும். மூன்று மாதம் கழித்து அந்த ஐயா பையிலிருந்து எடுத்து வைத்ததில் இரண்டும் இல்லை. நான் கொடுத்த நாளில் இருந்தது போலவே பளபளத்தது.

"போடுறதா ஐயா?"

"போடுறதான் மகள்" என்றார், கூரையைப் பார்த்துக்கொண்டு.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, கை ஓரளவு திரும்பிவிட்டது, பாதம் திரும்பவில்லை. கெண்டைக்கால் இறுகி, விரல் நுனி கீழே பார்த்தபடி நிற்கும். நரம்பு மட்டும் அடிபட்டவர்கள் முழங்காலைக் கொக்கு மாதிரி உயர்த்தி நடப்பார்கள். இவரைப் போன்றவர்களுக்கு முழங்காலே மடங்காது. காலை வெளிப்பக்கமாக அரிவாள் வீசுவது போலச் சுற்றிக் கொண்டுவந்து வைப்பார்கள். வீட்டு முற்றத்தில் அது பரவாயில்லை. வட்டையில் வரம்பில் நடக்க முடியாது. அவர் என்னிடம் கேட்டதே அதைத்தான்: "வரம்பால போய் வயலப் பாத்திட்டு வரணும்."

செய்த விதத்தில் பிழை இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். காலுக்கு மாக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அதற்குள் மாவை வார்த்து, கணுக்கால் எலும்பு இரண்டின் மேலும் கொஞ்சம் மா கூட்டி வைத்தேன். அப்போதுதான் பிளாஸ்டிக் அந்த இடத்தை அழுத்தாது. பிறகு பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் தகடு. எனக்கு இந்த வேலையில் பிடித்த கட்டமே இதுதான். பாண் போறணை மாதிரி ஒரு பெட்டிக்குள் பால் வெள்ளையாகக் கிடக்கும் தகடு, சூடு ஏற ஏற ஓரத்திலிருந்து கண்ணாடியாகிக்கொண்டு வரும். நடுவிலும் வெள்ளை மறைந்ததும் இரண்டு பேர் தூக்கி அச்சின் மேல் போர்த்தி, முன்பக்கம் சேர்த்து அமுக்கி, பம்பால் காற்றை இழுக்க வேண்டும். அதற்குக் கிடைப்பது சில விநாடிகள். அந்த நேரத்தில் யாராவது கதவைத் திறந்து "மிஸ்" என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

தாங்கியின் ஓரத்தை வெட்டும் கோட்டைக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் போட்டால் அது வில் மாதிரி வளையும். முன்னால் போட்டால் அசையாது. இவருக்கு இறுக்கம் அதிகம், முன்னால்தான் போட்டேன். மேல் விளிம்பு முழங்காலுக்கு வெளிப்புறம் துருத்தும் எலும்புக்கு இரண்டு சென்றிமீற்றர் கீழே நிற்க வேண்டும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த எலும்பைச் சுற்றித்தான் போகிறது. தொழுநோய் அந்த நரம்பைத் தாக்குவதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். எங்கள் வாவிக்குள் இருக்கும் மாந்தீவு தொழுநோய் ஆஸ்பத்திரியைத் தெரியாத மட்டக்களப்பார் இல்லை. அந்த நோயில் உணர்வு போன காலுக்குத் தாங்கி செய்வது தனிப் பயம். அழுத்தினாலும் அவர்களுக்கு வலிக்காது. கழற்றி அரை மணித்தியாலம் போயும் தோலில் சிவப்பு மாறாவிட்டால் திருத்த வேண்டும் என்று வீட்டாருக்குத்தான் சொல்லி அனுப்புவோம்.

சரி, ஐயாவிடம் வருவோம். அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். மண்முனையில் பாலம் 2014இல்தான் வந்தது. முன்பென்றால் வாவியைக் கடக்க 'பாதை' என்னும் மிதவைக்குக் காத்து நின்றிருப்பேன். வீட்டில் சப்பாத்து என்று ஒரு சோடிகூட இல்லை. அளவு பார்த்த நாளில் அவர் போட்டு வந்தது மருமகனுடையது! அதன் குதி உயரத்துக்குத்தான் நான் கோணம் வைத்திருக்கிறேன். வெறுங்காலில் போட்டதும் குதி தாழ்ந்தது, அசையாத தாங்கி கெண்டைக்காலைப் பின்னுக்கு இழுத்தது, முழங்கால் பின்பக்கமாக வெட்டியது. "இதப் போட்டா கால் பின்னால தள்ளுது மகள், சொன்னா நீங்க கவலைப்படுவீங்க" என்றார். றப்பர் செருப்பும் சரிவரவில்லை. விரலுக்கு நடுவில் வார் போகிற இடத்தை அடித்தட்டு மூடிக்கொண்டிருக்கிறது.

ராகமையில் இந்தத் தொழிலைப் படிக்கும்போது குதி உயரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிப் பரீட்சை பாஸ் பண்ணினவள் நான். "வீட்டுக்குள் காலில் என்ன போடுவீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

குதியில் தடித்து விரல் பக்கம் மெலிந்து வரும் றப்பர் ஆப்பு ஒன்றை வெட்டி அடியில் ஒட்டினேன். பொலிபுரொப்பிலீனில் பசை பிடிக்காது என்பது தெரிந்த விஷயம். உரசிவிட்டு ஒட்டினால் நிற்கும் என்று நம்பினேன். ஒரு கிழமையில் கழன்றது. பிறகு றிவெற் அடித்து, தலை பாதத்தில் படாமல் உள்ளே தாழ்த்தி, மேலே மெல்லிய பஞ்சுத்தட்டு வைத்து, அடியில் பல்லுள்ள றப்பரைக் கொடுத்தேன். மற்றக் காலுக்கும் அதே உயரத்தில் பின்வார் வைத்த செருப்பு. பார்க்க அழகில்லை. செருப்புத் தைக்கிறவர் பார்த்தால் சிரிப்பார்.

போன மாதம் வந்தபோது பல்லிடுக்கெல்லாம் காய்ந்த சேறு. பட்டியில் ஒரு நெல்லுமி ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வேறு கதைக்குப் போய்விட்டார். கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போக வேண்டுமாம். அடியில் றப்பர் இருப்பதால் இது செருப்புக் கணக்காம், கோயிலுக்குள் போட்டுப் போக மனம் கேட்கவில்லையாம்.

"கோயிலுக்கு வேற ஒண்டு செஞ்சு தாங்க மகள், றப்பர் இல்லாம."

அப்போது குதி உயரத்துக்கு என்ன செய்வது? ஆப்பைத் தாங்கிக்குள்ளேயே வைத்து, கோணத்தை மாற்றிப் புது அச்செடுக்க வேண்டும். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வெறுங்காலோடு.