சிபிசி தேர்வில் நரம்பு மண்டலச் சொற்கள்: ஓர் எழுத்து மாறினால் அத்தியாயமே மாறும்

ரிசல்ட் வந்த நிம்மதியில் எழுதுவதால் தொனி கொஞ்சம் அதட்டலாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். சிபிசி என்பது நோய்களுக்கும் சிகிச்சைகளுக்கும் கோடு எண் போடும் மெடிக்கல் கோடிங் வேலைக்கான சான்றிதழ்த் தேர்வு; அதில் 100 கேள்வி, 4 மணி நேரம், தேற 70 சதவீதம் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. மெடிக்கல் டெர்மினாலஜி என்று தனியாக வருவது விரல்விட்டு எண்ணும் அளவு கேள்விகள்தானே என்று பலர் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நரம்பு மண்டலத்தில் அது ஆகாது. சொல் பிடிபடவில்லை என்றால் 60,000 சீரிஸும் (சிபிடி எனும் சிகிச்சைக் கோடுகளில் நரம்பு மண்டலம் வரும் பகுதி) போகும், ஐசிடி (நோய்க் கோடுகள்) கேள்விகளும் போகும்.

அகர வரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் வேலை. சொல்லை வாலிலிருந்து பிரியுங்கள். மெனிஞ்சோமைலோசீல் என்று வந்தால் முதலில் 'சீல்', அதாவது பிதுக்கம். நடுவில் 'மைலோ', தண்டுவடம். முன்னால் 'மெனிஞ்சோ', அதன் உறை. உறையும் தண்டுவடமும் சேர்ந்து வெளியே பிதுங்கியிருக்கிறது என்று தெரிந்ததும் இது பிறவிக் கோளாறு என்பதும் தெரிந்துவிடும். ஜி அத்தியாயத்தில் (நரம்பு மண்டல நோய்கள்) தேடி நேரத்தை விடாமல் நேராகப் பிறவிக் கோளாறுகளின் க்யூ05-க்குப் போகலாம்.

இந்த 'மைலோ'வுக்கு மட்டும் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தண்டுவடத்துக்கும் அதுதான், எலும்பு மஜ்ஜைக்கும் அதுதான். மைலைட்டிஸ் ஜி04-இல் இருக்கிறது. போலியோமைலைட்டிஸ் தொற்று என்பதால் ஏ80. ஆஸ்டியோமைலைட்டிஸ் எலும்புத் தொற்று, எம்86. மல்டிபிள் மைலோமா புற்றுநோய், சி90. வேர் ஒன்று, அத்தியாயம் நான்கு. 'மயோ' என்றால் தசை. அதையும் இதோடு குழப்பினால் மயோபதியும் மைலோபதியும் ஒன்றாகிவிடும். ஆப்ஷன்களில் இரண்டையும் அடுத்தடுத்து வைப்பார்கள்.

அடுத்த கூட்டம், பக்கவாத நோயாளியின் சார்ட்டில் சேர்ந்தே வருவது:

அஃபேசியா: பேச்சுமொழி இழப்பு, ஆர்47.01
டிஸ்ஃபேசியா: மொழித் தடுமாற்றம், ஆர்47.02
டிஸ்ஆர்த்ரியா: மொழி சரி, வாய்த் தசை ஒத்துழைக்காத குழறல், ஆர்47.1
டிஸ்ஃபேஜியா: விழுங்குவதில் சிரமம், ஆர்13.1-

'ஃபேசியா', 'ஃபேஜியா' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். வேகமாகப் படித்தால் கண் தவறவிடும். அந்த எழுத்தில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு ஆப்ஷனுக்குப் போங்கள். மேலே உள்ள கோடுகள் நேரடி அறிகுறிக்கு மட்டும். பழைய இன்ஃபார்க்ஷனின் (மூளை ரத்தக்குழாய் அடைப்பு) பின்விளைவு என்று சார்ட் சொன்னால் வரிசையாக ஐ69.320, ஐ69.321, ஐ69.322, ஐ69.391. கடைசியாகச் சொன்ன டிஸ்ஃபேஜியாவுக்கு, அது எந்த வகை என்று தெரிந்தால் ஆர்13.1- கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் அது தேவையில்லை.

இதில்தான் ஹெமிப்ளீஜியாவும் (உடலின் ஒரு பக்கச் செயலிழப்பு) வருகிறது. இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 'ப்ளீஜியா' முழுச் செயலிழப்பு, 'பரேசிஸ்' பலவீனம். டெர்மினாலஜி கேள்வியில் இரண்டும் வேறு வேறு விடை. கோடிங்கில் அப்படி இல்லை: இன்டெக்ஸில் ஹெமிபரேசிஸைத் தேடினால் ஹெமிப்ளீஜியாவைப் பார் என்றே அனுப்பும். பாதிக்கப்பட்ட பக்கம் எழுதியிருந்து, நோயாளிக்கு எந்தக் கை பழக்கம் என்று எழுதாவிட்டால் கைடுலைன் சொல்வது இதுதான்: வலது பாதிப்பு டாமினன்ட் (பழக்கக் கைப் பக்கம்), இடது பாதிப்பு நான்டாமினன்ட், இரு கைப் பழக்கம் என்றால் எந்தப் பக்கமானாலும் டாமினன்ட்.

உதாரணம்: போன வருடம் செரிப்ரல் இன்ஃபார்க்ஷன், இப்போது இடது ஹெமிபரேசிஸ், கைப் பழக்கம் பற்றிக் குறிப்பு இல்லை. ஜி81-ஐத் தொடவே கூடாது. அங்கே எக்ஸ்க்ளூட்ஸ் 1, அதாவது 'இதை இங்கே கோடு செய்யாதே' என்ற குறிப்பு நிற்கிறது. விடை ஐ69.354. ஜி81.94 ஆப்ஷன்களில் கண்டிப்பாக இருக்கும், சிரித்துக்கொண்டே.

நரம்பு என்றாலே ஜி என்று ஓடுபவர்களுக்கு இன்னும் சில. ஸ்ட்ரோக் ஐ63, ஆனால் டிஐஏ (தற்காலிகமாக வந்து போகும் பக்கவாதம்) ஜி45.9. வகை 2 சர்க்கரை நோயால் வந்த பாலிநியூரோபதிக்கு ஈ11.42 ஒன்றே போதும், இரண்டாகப் பிரிக்காதீர்கள். ஒரே ஒரு தடவை வலிப்பு, காரணம் தெரியவில்லை என்றால் ஆர்56.9, 'சீஷர் டிஸார்டர்' என்று எழுதியிருந்தால் ஜி40.909. வலிப்புக் கேள்வியில் ரிஃப்ராக்டரி, ஃபார்மகோரெசிஸ்டன்ட், பூர்லி கன்ட்ரோல்ட் எல்லாமே இன்ட்ராக்டபிள்தான் (மருந்துக்குக் கட்டுப்படாதது). ஜி40-க்குக் கீழே உள்ள நோட்டில் இது அச்சாகியே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு டேப் (அடையாளச் சீட்டு) ஒட்டுங்கள்.

சிபிடி பக்கம் வால் இன்னும் முக்கியம். 'ஒட்டமி' திறப்பது, 'எக்டமி' எடுத்துவிடுவது. கிரேனியாட்டமியில் எலும்பு மூடியைத் திரும்ப வைப்பார்கள், கிரேனியெக்டமியில் வைக்க மாட்டார்கள். ஆபரேஷன் நோட்டின் கடைசிப் பத்தியில்தான் அது இருக்கும், முதல் வரித் தலைப்பை நம்ப வேண்டாம். லாமினாட்டமியில் முள்ளெலும்பின் லாமினாவில் ஒரு பகுதியை மட்டும் எடுப்பார்கள், லாமினெக்டமியில் லாமினாவையே எடுத்துவிடுவார்கள். 'ரைஸோ', 'ரேடிகுலோ' இரண்டும் நரம்பு வேர். ரைஸாட்டமி என்றால் அதை வெட்டுவது. மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கார்ப்பல் டன்னலைத் திறந்து செய்தால் 64721. எண்டோஸ்கோப் வைத்துச் செய்தால் 29848, நரம்புப் பகுதியில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, எலும்பு தசைப் பகுதியில் இருக்கிறது.

ஒரு கேள்விக்குச் சராசரியாக 2 நிமிடம் 24 விநாடி. புத்தக ஓரத்தில் கையால் எழுதிய குறிப்புக்குத் தடையில்லை என்பதால் ஜி81 பக்கத்தில் அந்த வலது, இடது விதியையும், 64721-க்குப் பக்கத்தில் 29848-ஐயும் எழுதி வையுங்கள். மைலோ பட்டியலுக்கு ஜி04 பக்க ஓரம் போதும்.