"எல்லாம் நன்மைக்கே" என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள்

2025 மார்ச் 28 பூகம்பத்தில் மியான்மரின் மண்டலேயில் அக்கா வீடு இடிந்துபோச்சு. ஆட்கள் தப்பினார்கள், ஸ்தோத்திரம். ஆனால் ஆறுதல் சொல்ல வந்த சிலர், தார்ப்பாய்க்கு வெளியே நின்றபடியே "தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கே" என்கிற ரோமர் 8:28-ஐ ஒப்பித்துவிட்டுக் கிளம்பினது எனக்கு ஒட்டவில்லை. வசனம் பொய்யில்லை. சொல்கிற நேரம்தான் தப்பு.

நம்ம யாங்கோன் சபைகளில் அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயாவைத் தெரியாதவர் யார்? 1813-ல் ரங்கூனில் வந்து இறங்கினவர். 1824-ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டதும், அன்றைய தலைநகர் ஆவாவின் சிறையில் காலில் விலங்கு. புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் தைத்துக் காப்பாற்றினார் மனைவி ஆன். அந்த அம்மாள் 1826-ல் இறந்தார், சில மாதத்தில் குழந்தையும் போனது. இந்தச் சாட்சியை நாம் பிரசங்கத்தில் சொல்லும்போது இங்கிருந்து நேரே 1834-க்குத் தாவிவிடுகிறோம், பர்மிய வேதாகமம் முடிந்தது, அல்லேலூயா என்று. நடுவில் அவர் காட்டில் தன் கல்லறைக் குழியைத் தானே வெட்டி, ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்று எழுதினார். எனக்குத் தெம்பு தருவது அந்த வருஷங்கள்தான்!

அக்கா இப்போது, மகனைப் பறிகொடுத்த பர்மிய அம்மா ஒருவரோடு சாயங்காலம் போய் உட்கார்ந்துகொள்கிறாள். வசனம் எதுவும் சொல்வதில்லை, சோறு கொண்டுபோகிறாள். தேவன் நமக்குத் தந்த ஆறுதலால் மற்றவர்களுக்கு ஆறுதல் செய்வதைச் சொல்லும் 2 கொரிந்தியர் 1:4 எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

மழைக்கு முன்னால் அந்த அம்மா வீட்டுக்குக் கூரைத் தகரம் போடணும். முடிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.